மைனாக் கூட்டமும் எண்களின் கூட்டமும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



கணிதத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "பிள்ளைகள் தூங்கிவிடாமல் பேசுங்கள்" என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஒரு துறைமுகக் கிராணியிடமிருந்து தொடங்குகிறேன். கப்பலும் கிடங்கும் பார்த்து வளர்ந்த பினாங்குக்காரர்களுக்குத் துறைமுகக் கிராணி என்றால் விளக்கம் தேவையில்லை. இவர் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தவர். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டதால் கல்லூரித் தேர்வில் தேறாதவர். பெயர் சீனிவாச இராமானுஜன். 1914-இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார்.

அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது பேராசிரியர் ஹார்டி ஒரு டாக்சியில் பார்க்க வந்தார். டாக்சியின் எண் 1729. சுவையில்லாத எண் என்றாராம் ஹார்டி. "இல்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது" என்று படுக்கையிலிருந்தே பதில் வந்தது. 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத பாதி இது: இரண்டு கனங்களைக் கூட்டினால் 1729 வரவேண்டும் என்ற சமன்பாடு, நீள்வட்ட வளைகோடு என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னங்களையும் அனுமதித்தால் இதற்கு எண்ணற்ற விடைகள் உண்டு. அதே குடும்பத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய விடைகளே உள்ள வளைகோடுகளும் உண்டு. எது எந்த வகை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அதைச் சொல்வது எப்படி என்பதுதான் கேள்வி.

ஒரு வழி இருக்கிறது. வீட்டுக்குப் போய் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழியுங்கள். வருவது இன்னொரு எண்ணின் வர்க்கமாக இருக்கவேண்டும். இதுவும் ஒரு நீள்வட்ட வளைகோடுதான். இப்போது எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 0, 1, 2, 3, 4 என்று ஐந்தே எண்கள். இவற்றின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் மீதி முறையே 0, 0, 1, 4, 0. அதே ஐந்து எண்களின் வர்க்கத்தை ஐந்தால் வகுத்தால் மீதி 0, 1, 4, 4, 1. பொருத்திப் பாருங்கள்: ஏழு ஜோடி கிடைக்கும். ஐந்து என்ற பகா எண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து ஜோடியை எதிர்பார்க்கலாம். இங்கே இரண்டு கூடுதல். ஐந்திலிருந்து ஏழு போனால் −2 என்று குறித்துக்கொள்வார்கள்.

இப்படி 7, 11, 13 என்று ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு கூடுதல் குறைச்சல் கிடைக்கும். இவற்றையெல்லாம் பூப்போலத் தொடுத்த மாலைக்கு எல்-சார்பு என்று பெயர். வளைகோட்டின் இரகசியம் அந்த மாலையில் இருக்கிறது என்பது கணித மேதைகள் பர்ச், ஸ்வின்னர்டன்-டயர் ஆகியோர் 1960-களில், கேம்பிரிட்ஜ் கணினியில் எண்ணிப் பார்த்து முன்வைத்த ஊகம். 2000-இல் இதற்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்தார்கள். பரிசு இன்னும் காத்திருக்கிறது, பிள்ளைகளே!

இத்தகைய மாலை ஒன்றை நம் இராமானுஜனும் தொடுத்திருக்கிறார். 1916-இல் டௌ என்ற எண்வரிசையில் முதல் 30 எண்களைக் கணக்கிட்டு அட்டவணை போட்டார். இரண்டாம் எண் −24, மூன்றாம் எண் 252, ஆறாம் எண் −6048. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்குங்கள், ஆறாவது வரும்! இந்தப் பெருக்கல் விதியை மறு ஆண்டே மோர்டெல் நிரூபித்தார். பகா எண் இடங்களில் வரும் எண்கள் எவ்வளவு தூரம் பெரிதாகலாம் என்றும் இராமானுஜன் ஓர் எல்லை சொன்னார். அதை நிரூபிக்க 58 ஆண்டுகள் ஆயின. 1974-இல் பெல்ஜியம் நாட்டு டெலீன் நிரூபித்தார். முப்பதே எண்களை உற்றுப் பார்த்தவர் உலகத்துக்கு அரை நூற்றாண்டு வேலை வைத்துவிட்டுப் போனார்.

இனி 2022-க்கு வருவோம். யாங்-ஹுய் ஹே, கியூ-ஹ்வான் லீ, தாமஸ் ஆலிவர், அலெக்ஸி பொஸ்ட்னியாகோவ் ஆகிய நால்வர், வளைகோடுகளை ஆயிரக்கணக்கில் கணினியில் கொட்டினார்கள். நால்வரில் பொஸ்ட்னியாகோவ் அப்போது கனெக்டிகட் பல்கலைக்கழக மாணவர். வளைகோடுகளை வரிசைப்படுத்த 'கண்டக்டர்' என்று ஓர் எண் உண்டு. (பஸ் கண்டக்டர் அல்ல!) அந்த எண் 7500-க்கும் 10000-க்கும் இடையில் உள்ளவற்றை எடுத்து, விடைகள் எண்ணி முடிபவை ஒரு பக்கம், ஒரே விதையிலிருந்து எண்ணற்ற விடைகள் முளைப்பவை மறுபக்கம் என்று பிரித்தார்கள். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் கூடுதல் குறைச்சலின் சராசரியைப் புள்ளியாக வைத்தார்கள்.

அலை வந்தது! ஏறி இறங்கி ஏறும் அலை. ஒரு கூட்டம் ஏறும்போது மற்றது இறங்கியது. தனி வளைகோடு ஒன்றை எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், அலையே தெரியாது. மேல்நாட்டில் ஸ்டார்லிங் என்ற பறவைகள் மாலையில் கூட்டமாகச் சுழன்று பறப்பதைக் குறிக்கும் 'மர்மரேஷன்' என்ற சொல்லையே இதற்குப் பெயராக வைத்தார்கள். ஸ்டார்லிங் நம் மைனாவின் உறவுதான். ஜார்ஜ் டவுன் மரங்களில் அந்தி நேரத்தில் அடையும் மைனாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டு நீனா சுப்ரிலினா என்ற இளம் பெண், இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு குடும்பத்தில் இந்த அலை ஏன் வருகிறது என்று நிரூபித்தார்.

மாணவமணிகளே! அந்த அட்டவணைகள் எல்லோருக்கும் திறந்தே கிடந்தன. பேராசிரியர்கள் எத்தனையோ பேர் அவற்றைப் புரட்டியவர்கள். சராசரியைப் படமாக வரைந்து பார்ப்போமே என்று பொறுமையாக உட்கார்ந்தவர்களுக்குத்தான் அலை தெரிந்தது. அவர்களில் ஒருவர் மாணவர் என்பதை மறக்காதீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை நீக்கினார்கள். ஆனால் "உன் வகுப்பில் சராசரி எவ்வளவு, நீ எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. சராசரி கூட்டத்தைப் பற்றிப் பேசும். ஆயிரம் வளைகோடுகளின் அலை, அவற்றில் ஒன்றின் போக்கையும் நமக்குச் சொல்லாது. பள்ளி எப்படி நடக்கிறது என்றறிய சராசரியைப் பாருங்கள், அது அவசியம். உங்கள் பிள்ளை எப்படி என்றறிய பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். கல்லூரித் தேர்வுப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் கும்பகோணத்துப் பையன் வெறும் தோல்விக் கணக்கில் ஓர் எண்ணாகவே நின்றிருப்பான். அவனுடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க நாலு பேர் இருந்ததால் உலகத்துக்கு இராமானுஜன் கிடைத்தார்.

இன்று மேடையேறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. மேடையேறாத பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை இன்று இரவே ஒரு முறை புரட்டிப் பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.