விடுமுறையின் கடைசி வாரம்



மே மாதத்தின் கடைசி வாரம் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தனிச் சுவை உடையது. கத்திரி வெயில் என்று நாம் வழங்கும் அக்கினி நட்சத்திரம், மே 4-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28-ஆம் நாளை ஒட்டி முடிகிறது. ஜூன் 1-ஆம் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் தொடங்குவது வழக்கம். அந்தக் காற்று செங்கோட்டைக் கணவாயைக் கடந்து தென்காசிப் பக்கம் வந்து சேரும்போது, பள்ளி திறக்கும் நாளும் வந்து சேர்கிறது. "இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?" என்று பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிறார்கள். அதே நாட்களைப் பெற்றோரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பெற்றோரின் அந்தக் கணக்கைப் பற்றியே இன்று உங்களோடு சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

நம் இலக்கண ஆசிரியர்கள் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் இரண்டு திங்கள் கொண்டது. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பள்ளி திறப்பதோ பெரும்பாலும் வைகாசியின் பிற்பகுதியில். ஆகவே, நூல் வழி நோக்கினால் வேனிலில் பாதிகூட அப்போது கழிந்திருக்காது. வெயில் இருக்கிறது, மாம்பழமும் இருக்கிறது, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பொழுதுதான் முடிந்துவிடுகிறது.

பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை நீங்கள் பாடநூலில் கண்டிருப்பீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனத் தொடங்கிக் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக அது பாடும். அப்பருவங்களுக்கு இரண்டிரண்டு திங்கள் இடைவெளி கூறும் மரபும் பாட்டியல் நூல்களில் உண்டு. ஆண்டின் பொழுதையும் குழந்தையின் பருவத்தையும் ஏறத்தாழ ஒரே கோலால் நம் முன்னோர் அளந்தனர் என்பது எண்ணத்தக்கது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சென்ற இளவேனில் அடுத்த சித்திரையில் திரும்பி வரும். சப்பாணி கொட்டத் தொடங்கிய குழந்தையோ செங்கீரைப் பருவத்துக்குத் திரும்புவதில்லை. பெற்றோரின் கணக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆசிரியத் தொழில் எனக்குத் தந்த பேறுகளுள் ஒன்று, என் விடுமுறையும் என் மக்களின் விடுமுறையும் ஒன்றாக அமைந்தமை. 1990-களின் தொடக்கத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் பணியாற்றினேன். மகளுக்கு அப்போது ஆறு வயது; மகனுக்கு நான்கு. மே மாதத்தில் ஆறு மெலிந்து, மணல் அகன்று கிடக்கும். மாலை வெயில் தாழ்ந்தபின் மூவரும் ஆற்றுக்குச் செல்வோம். மகன் மணலில் கையால் குழி தோண்டுவான். சிறிது நேரத்தில் அதில் நீர் ஊறும். அது தெளியும் வரை அவன் அசையாமல் குந்தியிருப்பான். வகுப்பில் எந்த மாணவனும் ஒரு பாடத்தை அவ்வளவு கவனமாக நோக்கி நான் கண்டதில்லை.

கடைத்தெருவில் அந்த ஆண்டின் கடைசி நுங்கு விற்கும் நாட்கள் அவை. சுளையை உண்டபின் எஞ்சும் காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவது பிள்ளைகளின் வண்டி. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வண்டி எங்களுக்கு முன்னே ஓடும். அந்த வாரத்தில் நான் வேண்டுமென்றே மெல்ல நடந்தேன். பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டில் பள்ளிக்கு ஆயத்தம் நடக்கும். வளரும் பிள்ளை என்பதால், மகளின் பள்ளிப் பாவாடையின் அடியில் ஒரு மடிப்பை உள்ளே வைத்துத் தைத்திருந்தோம். ஒரு நாள் என் மனைவி அந்த மடிப்பைப் பிரித்தாள். பாவாடை நான்கு விரல் நீண்டது. பழைய மடிப்பு இருந்த இடத்தில், வெளுக்காத துணி ஒரு கோடாகத் தெரிந்தது. ஓர் ஆண்டில் மகள் வளர்ந்த அளவு அது. அதைக் கண்டு மகள் குதித்தாள். என் மனைவி சிரித்தாள்; ஆனால் பாவாடையை உடனே கீழே வைக்கவில்லை. பிள்ளை வளரவேண்டும் என்னும் ஆசையும், இன்னும் சில நாள் இப்படியே இருக்கலாகாதா என்னும் ஆசையும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் தோன்றும். பெற்றோர் இயல்பு அது.

இவ்விரண்டு ஆசையுள் வெல்லவேண்டியது முன்னதே. பனையைப் பாருங்கள். நுங்குப் பருவம் சில வாரங்களே. பறிக்காமல் விட்ட காய் முற்றிப் பழமாகும். பழத்தின் கொட்டையை மண்ணில் பாவினால், தைப்பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும். நுங்கின் சுவை வேறு, கிழங்கின் பயன் வேறு. கிழங்கு வேண்டும் என்பதற்காக நுங்கின் காலத்தைச் சுவையாமல் விடுவதும் அறிவன்று. நுங்காகவே நிற்கவேண்டும் என்று விரும்புவதும் அறிவன்று.

ஆனால் இந்தச் சுவை எல்லாப் பெற்றோருக்கும் வாய்ப்பதில்லை. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். கோடையில்தான் அங்கே உப்பு மிகுதியாக விளைகிறது. பிள்ளைக்கு விடுமுறையாக இருக்கும் மே மாதமே பெற்றோருக்கு வேலை மிகுந்த மாதம். விடியுமுன் புறப்படும் தாய், உறங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறாள். பேருந்து ஓட்டுநர்க்கும் விடுமுறைக் காலத்தில் கூட்டம் அதிகம், ஓய்வு குறைவு. கண்ணனைப் பெற்றும் வளர்க்கப் பெறாத தேவகியின் ஏக்கத்தைக் குலசேகர ஆழ்வார் பத்துப் பாசுரங்களுக்கு மேல் பாடினார். அந்தத் தாய் அரசையோ செல்வத்தையோ எண்ணி ஏங்கவில்லை. மழலையையும் தளர்நடையையும் விளையாட்டையும் தான் காணவில்லையே என்றே ஏங்கினாள். உழைப்புக்காகப் பிள்ளையின் பகலை இழக்கும் தாய்தந்தையர் உள்ளத்திலும் அந்த ஏக்கம் உண்டு. அவர்கள் அதைப் பாடுவதில்லை, பேசுவதும் இல்லை.

2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் வெயிலின் கொடுமையால் பள்ளி திறக்கும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. செய்தி வந்தவுடன் பிள்ளைகள் ஆரவாரித்தனர். எதிர்பாராமல் கிடைத்த அந்தச் சில நாட்கள், மற்ற விடுமுறை நாட்களைவிட நீளமானவை அல்ல. ஆயினும் புதையல் போல மதிக்கப்பட்டன. கையில் இருக்கும் நாட்களை எண்ணிப் பார்த்தவன்தான் நாளின் விலையை அறிகிறான். பெற்றோர் அவ்வாறு எண்ணிப் பார்த்தவர்கள்.

மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறிது. அடுத்த விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை வீட்டாருக்கென்று ஒதுக்குங்கள். தந்தை வேலையிலிருந்து வரும்வரை விழித்திருங்கள். தம்பி தங்கையரை ஆற்றுக்கோ குளக்கரைக்கோ கடற்கரைக்கோ அழைத்துச் சென்று, அவர்கள் நடையோடு நடந்து வாருங்கள். கல்லூரி விடுதிக்குப் புறப்படுவோருக்கு மற்றொன்று சொல்வேன். பெட்டியில் வைத்த ஊறுகாய்ப் புட்டியை உங்கள் தாய் மூன்றாம் முறையாக எடுத்து இடம் மாற்றி வைத்தால், "நேரமாகிறது, அம்மா" என்று விரைவுபடுத்தாதீர்கள். பேருந்துக்குச் சற்று முன்னதாகவே ஆயத்தமாகி, அவள் வைத்து முடிக்கும் வரை அருகில் நில்லுங்கள்.