பூட்டுப் போடாத கருவி

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கம்ப்யூட்டர். "அது படித்தவர்கள் சமாசாரம். பஞ்சாலையில் நூல் முடிகிறவனுக்கும் சேற்றில் நாற்று நடுகிறவளுக்கும் அதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம்.

ரேஷன் கடையில் உங்கள் கைரேகையைப் பார்த்து அரிசி போடச் சொல்வது எது? உங்கள் பணம் பாங்கில் ஏறியதா இல்லையா என்று சொல்வது எது? உங்கள் பையில் இருக்கும் போன் எது? எல்லாம் கம்ப்யூட்டர்தான். நாளை உங்கள் பிள்ளை பள்ளியில் தொடப்போவதும் அதுதான். ஆகவே இது நம்முடைய சமாசாரமும்தான்.

கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. மனிதர்கள் உட்கார்ந்து வரி வரியாக எழுதிய கட்டளைகள்தான் அதை வேலை செய்ய வைக்கின்றன. அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு மென்பொருள் என்று பெயர். மனிதன் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதியதை மூலநிரல் என்கிறோம். அதை யந்திரத்துக்கு மட்டுமே புரியும் எண்களாக மாற்றி ஓட விடுகிறார்கள்.

பெரிய கம்பெனிகள் என்ன செய்கின்றன? மூலநிரலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, எண்களை மட்டும் விற்கின்றன. காசு கொடுத்து வாங்கியவன் உள்ளே பார்க்கக் கூடாது. பழுது பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கவும் கூடாது. யந்திரத்தை வாங்கிய ஆலையில், ஃபிட்டர் அதன் மூடியைத் திறக்கக் கூடாது என்று விற்றவன் உத்தரவு போட்டால் எப்படியிருக்கும்? அறுத்த நெல்லில் ஒரு மரக்கால் விதைக்கு எடுத்து வைக்காதே, ஒவ்வொரு போகத்துக்கும் என்னிடமே வாங்கு என்றால் எப்படியிருக்கும்? அதுதான் இங்கே நடப்பது.

இந்தப் பூட்டை எதிர்த்துப் பிரசாரம் செய்வதையே வாழ்நாள் வேலையாக ஒரு மனிதர் எடுத்துக்கொண்டார். அவர் ரிச்சர்டு ஸ்டால்மன். 1953-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1971-ல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அப்போது பூட்டு என்ற பேச்சே கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துத் திருத்துவார். அதை மூன்றாமவர் மேலும் செம்மை செய்வார்.

1980 வாக்கில் அங்கே ஒரு புதிய அச்சு யந்திரம் வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய யந்திரத்தில் சிக்கினால், காத்திருப்பவர்களுக்கு உடனே தகவல் போகும்படி ஸ்டால்மன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அதைச் செய்ய வழியில்லை. கம்பெனி மூலநிரலைக் கொடுக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு சர்வகலாசாலைக்காரரை நேரில் போய்க் கேட்டார். "யாருக்கும் காட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று அவர் மறுத்துவிட்டார்.

விஷயம் காகிதம் சிக்கியதல்ல, தோழர்களே! சக தொழிலாளிக்கு உதவ மாட்டேன் என்று ஒரு மனிதனிடம் கையெழுத்து வாங்க முடிகிறதே, அதுதான் விஷயம். ஸ்டால்மன் அதைப் புரிந்துகொண்டார்.

1983 செப்டம்பரில், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற முறையில் முழு மென்பொருள் அமைப்பு ஒன்றை எழுதப் போவதாக அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயர். 1984 ஜனவரியில் உத்யோகத்தை ராஜினாமா செய்தார். சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதினால், அது தன் சொத்து என்று கழகம் உரிமை கொண்டாடிவிடலாம் அல்லவா? 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார்.

பிழைப்புக்கு என்ன செய்தார்? தான் எழுதிய ஒரு மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதைப் பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கத் தடையில்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டற்றது என்றால் இனாம் என்று அர்த்தமல்ல. உழைப்புக்குக் கூலி உண்டு. நிறுவிக் கொடுக்க, பழுது பார்க்க, கற்றுக்கொடுக்க, மொழிபெயர்க்க - எல்லாவற்றுக்கும் கூலி வாங்கலாம். ஃபிட்டர் தன் வித்தைக்குக் கூலி வாங்குகிறார். அந்த வித்தையை வேறு யாரும் கற்கக் கூடாது என்று பூட்டுப் போடுவதில்லை.

1989-ல் அவர் ஒரு சட்டப் பத்திரத்தை வகுத்தார். யாரும் இந்த மென்பொருளை எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். அதாவது, பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்துக்கொள். குளத்துக்கு வேலி போடாதே! 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸ் என்ற மையப்பகுதியை எழுதினார். அடுத்த ஆண்டே அதை இந்தப் பத்திரத்தின் கீழ் கொண்டுவந்தார். அமைப்பு முழுமை பெற்றது.

நாம் மனிதரைத் துதி பாட வரவில்லை. 2019-ல் ஸ்டால்மன் எழுதிய சில வார்த்தைகள் கடும் கண்டனத்துக்கு ஆளாயின. அறக்கட்டளையின் தலைமையிலிருந்து அவர் விலகினார். 2021-ல் அதன் நிர்வாகக் குழுவுக்கு அவர் திரும்பியபோதும் எதிர்ப்பு எழுந்தது. எந்த வேலையும் ஒரே மனிதரின் தோளில் நிற்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

பல பேர் தோளில் நின்றால் என்ன ஆகும்? பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள்.

2001-ல் கேரள சர்க்கார் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்காக ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் பாடம் ஒரே கம்பெனியின் மென்பொருளைச் சுற்றியே அமைந்திருந்தது. ஆசிரியர் சங்கம் ஆட்சேபித்தது. பொதுப் பள்ளி என்ன, ஒரு கம்பெனிக்கு வாடிக்கைக்காரர்களைத் தயார் செய்யும் பட்டறையா? பிள்ளை பள்ளியில் கற்றதை வீட்டில் செய்து பார்க்கத் தகப்பன் காசு கட்ட வேண்டுமா?

ஆட்சேபத்தோடு அவர்கள் நிற்கவில்லை. இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆசிரியர்களே கட்டற்ற மென்பொருளைக் கற்றார்கள். பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடத்துக்கு வேண்டியபடி அமைப்பைத் திருத்தி, மலையாளத்தில் ஓட வைத்தார்கள். மலையாள எழுத்து கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிய, சுதந்திர மலையாளக் கம்ப்யூட்டிங் என்ற தொண்டர் குழு 2002 முதல் உழைத்து வந்தது. 2008 வாக்கில் பத்தாம் வகுப்புக் கம்ப்யூட்டர் தேர்வே கட்டற்ற மென்பொருளில்தான் என்ற நிலை வந்தது. இன்று அந்த வேலையைக் கைட் என்ற சர்க்கார் ஸ்தாபனம் நடத்துகிறது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அது கணக்குச் சொன்னது.

அங்கே மின்வாரிய ஊழியர்களும் சும்மா இருக்கவில்லை. மின்கட்டணக் கணக்குக்கான மென்பொருளைக் கட்டற்ற முறையில் தாங்களே உருவாக்கினார்கள். அதன் பெயர் ஒருமா. மலையாளத்தில் அதற்கு ஒற்றுமை என்று அர்த்தம்.

பாடத்துக்கும் இதே நியாயம்தான். 2001-ல் ஸ்டால்மன் வேலை பார்த்த அதே கழகம், தன் பாடங்களை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. யாரும் எடுத்து, தம் மொழியில் மாற்றிக் கற்பிக்கலாம் என்ற பாடங்களுக்குத் திறந்த கல்வி வளங்கள் என்ற பெயரை 2002-ல் யுனெஸ்கோ கூட்டம் ஒன்று வழங்கியது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை நம்மவர்கள் கூலியில்லாமல் எழுதி வளர்த்து வருகிறார்கள்.

எல்லாம் ஜெயமா? இல்லை. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ்தான். ஆனால் அதன்மேல் கம்பெனிகள் தங்கள் பூட்டுகளை அடுக்கிவிட்டன. கட்டற்ற மென்பொருளை ஓடவிட்டே பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. அதை எழுதிய தொண்டர்களில் பலருக்குச் சல்லிக்காசு கிடைப்பதில்லை. நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது. அதைப் படித்து, திருத்தி, காவல் காக்க ஆள் வேண்டும்.

நம் சென்னையிலுள்ள சி-டாக் ஸ்தாபனம் பாஸ் என்ற லினக்ஸ் அமைப்பைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் உருவாக்கியது. கருவி இருக்கிறது. கருவி இருப்பது வேறு. அது பழகிய கை இருப்பது வேறு. கேரளத்தில் வென்றது பழகிய கைதான்.

ஆகவே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வரும்போது மாலை போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இதிலுள்ள மென்பொருள் யாருடையது? தமிழில் ஓடுமா? பழுதானால் நம் ஆசிரியர் திறந்து பார்க்கலாமா? பாடத்தைப் பிரதி எடுத்து இன்னொரு பள்ளிக்குக் கொடுக்கலாமா? பிள்ளைகளின் விவரம் யார் கைக்குப் போகிறது? பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் இவற்றைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் படிக்கும் உங்கள் மகனோ மகளோ இந்தத் துறையில் பாடுபட விரும்பினால் தடுக்காதீர்கள். பங்களா கிடைக்கும் என்று நாம் சொல்லமாட்டோம். கௌரவமான கூலியும், நாலு பேருக்குப் பயன்படும் வித்தையும் அதில் உண்டு.

கருவி யாருடையது என்ற கேள்வி ஆலையிலும் வயலிலும் நம் முன்னோர் கேட்ட கேள்விதான். பள்ளிக்கூடத்திலும் அதைக் கேட்போம்.