உண்போரும் உழுவோரும்



நாம் உண்ணும் பொருள் எவ்வாறு விளைந்தது என்பதைக் கண்ணால் கண்டோ, நாவால் சுவைத்தோ அறிந்துவிட இயலாது. தொழு உரத்தில் வளர்ந்த கீரையும் இரசாயன உரத்தில் வளர்ந்த கீரையும் கூடையில் ஒன்றுபோலவே தோன்றும். உழவரை நேரில் அறிந்தவர்க்கு அவர் வாய்மொழியே சான்றாகும். அறியாதவர்க்கோ, பொட்டலத்தின்மேல் ஒட்டிய சீட்டு ஒன்றே சான்று. அச்சீட்டில் உள்ள 'இயற்கை விளைபொருள்' என்னும் சொல்லுக்குப் பொருள் வரையறுக்க வேண்டியவர் யார்? இவ்வினாவைக் குறித்து அமெரிக்க ஐக்கிய நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் வரலாறு நாம் அறியத்தக்கது.

அந்நாட்டில் இயற்கை வேளாண்மைக்குத் தொடக்கத்தில் விதி வகுத்தவர்களுள் உழவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் 1973-ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, தம் விளைபொருளுக்குத் தாமே தரச்சான்று வழங்கத் தொடங்கினர். பிற இடங்களிலும் சங்கங்கள் தோன்றின. இடத்துக்கு இடம் விதிகள் வேறுபட்டன. ஆகவே, நாடு முழுமைக்கும் பொதுவிதி வகுக்குமாறு 1990-ஆம் ஆண்டில் காங்கிரஸ் சபை சட்டம் இயற்றியது. அச்சட்டம் பதினைந்து பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றையும் ஏற்படுத்தியது. அதில் நால்வர் உழவர். மூவர் நுகர்வோர் நலன் பேணுவோர்.

ஆனால் 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் விவசாய இலாகா வெளியிட்ட நகல் விதிகள் பலரையும் திடுக்கிடச் செய்தன. மரபணு மாற்றிய பயிர்கள், கதிர்வீச்சால் பதப்படுத்திய உணவு, நகரச் சாக்கடைக் கசடை எருவாக இடுதல் ஆகிய மூன்றுக்கும் அவ்விதிகள் வழி திறந்து வைத்திருந்தன. இதனால் சிறு உழவர்க்கு நேரவிருந்த இழப்பு யாது? களையைக் கையால் பறித்து, மண்ணைப் பல்லாண்டுகள் பேணி அவர் விளைவிக்கும் பொருளுக்குச் சற்றே கூடுதல் விலை கிடைப்பது, வாங்குவோரின் நம்பிக்கையினால்தான். அந்நம்பிக்கை குலைந்தால் அவர் உழைப்புக்குப் பயனில்லை.

எனவே உழுவோரும் உண்போரும் ஒருசேர எழுந்தனர். கூட்டுறவுக் கடைகளிலும் சந்தைகளிலும் செய்தி பரவிற்று. அரசாங்கத்துக்கு 2,75,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் சென்று குவிந்தன. 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மூன்றையும் விலக்குவதாக இலாகா அறிவித்தது. திருத்திய விதிகள் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாகி, 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

இத்துடன் இடர் தீர்ந்துவிடவில்லை. சான்று பெறக் கட்டணம் உண்டு. நாள்தோறும் கணக்கு எழுதி வைக்கவும் வேண்டும். ஆயிரம் ஏக்கர் உடையவர்க்கு இது சிறு சுமை. ஐந்து ஏக்கர் உடையவர்க்கோ பெருஞ்சுமை. ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேற்படாத விற்பனை உடையவர்க்குச் சட்டம் சான்றிலிருந்து விலக்கு அளித்தது. 2002-ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டம், சான்றுச் செலவில் முக்கால் பங்கு வரை, 500 டாலருக்கு மிகாமல், உதவித்தொகை வழங்க வகை செய்தது.

மேலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மெய்ன் மாநிலத்தில் அவுரிநெல்லி பயிரிட்ட ஆர்தர் ஹார்வி என்னும் உழவர், இறுதி விதிகளே மூலச் சட்டத்துக்கு முரணானவை என்று வழக்குத் தொடுத்தார். பதனிட்ட உணவில் செயற்கைப் பொருள்களைச் சேர்க்க இலாகா அனுமதித்ததே அவருடைய முக்கியக் குறைபாடுகளுள் ஒன்று. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எனினும் அவ்வாண்டு முடிவதற்குள், உணவுத் தொழில் நிறுவனங்களின் வேண்டுகோளை ஏற்றுக் காங்கிரஸ் சபை சட்டத்தையே திருத்திவிட்டது. நீதிமன்றத்தில் பெற்ற வெற்றி சட்டமன்றத்தில் கைநழுவியது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சிறு உழவருக்கு விளம்பரம் செய்யப் பணம் இல்லை. தலைநகரில் தம் பொருட்டுப் பேச ஆளும் இல்லை. அவர்க்குத் துணை, அவர் விளைத்ததை உண்பவரே. விலையைக் கேட்பதுபோலவே விதியையும் கேட்டறிவது உண்போரின் கடமை. நகல் விதிகள் வெளியாகும்போது அவற்றைப் படித்து, உரிய காலத்தில் ஒரு கடிதம் எழுதுவது எளிய செயலே. அத்தகைய எளிய செயலைப் பல்லாயிரவர் செய்தமையால்தான் அந்நாட்டில் ஒரு சொல்லின் பொருள் பெரும்பாலும் காக்கப்பட்டது.