உயிர்வளியும் விழியொளியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் கண் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையரங்கிற்கும் நாடகத்திற்கும் நடுவே ஒரு கண் மருத்துவனைப் பேச அழைத்த செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறேன். "எல்லோருக்கும் பயன்படும் பொருளாக இருக்கட்டும், ஆனால் கீரை உண்ணுங்கள் என்பதோடு நின்றுவிட வேண்டா" என்று அவர் எனக்கு எழுதியிருந்தார். ஆகவே கீரையை விடுத்து, குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் கண்ணைப் பற்றிப் பேச முன்வந்தேன். இது யாரோ சிலர்க்குரிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். உலகில் குறைமாதப் பிறப்புகள் மிகுதியாக நிகழும் நாடு நம் பாரத நாடே. அன்றியும், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு இதில் தனியானதோர் ஆபத்தும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவரான தியோடர் டெரி என்பவர், குறைமாதக் குழந்தைகள் சிலரின் விழியாடிக்குப் பின்னால் வெண்மையான ஒரு படலம் படர்ந்து, பார்வை முற்றும் அழிந்திருப்பதைக் கண்டு எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் அந்நோய் ஒரு கொள்ளைநோய்போலப் பெருகியது. உலகெங்கும் ஏறத்தாழப் பதினாயிரம் குழந்தைகள் கண்ணிழந்தனர் என்பர். 1950-இல் பிறந்து, பின்னாளில் இசையால் உலகப் புகழ் எய்திய ஸ்டீவி வொண்டர் அவர்களுள் ஒருவர்.

இதில் விந்தை யாதெனில், நோய் மிகுந்தது ஏழை நாடுகளில் அன்று; எல்லா வசதிகளும் நிறைந்த சிறந்த மருத்துவமனைகளிலேதான். வைட்டமின் குறைவா, மிகையா, இரும்புச் சத்தா, மின்விளக்கின் ஒளியா என்று அறிஞர்கள் ஒவ்வொன்றாக ஐயுற்றனர். ஒவ்வோர் ஐயத்திற்கும் ஒரு மருந்தும் பிறந்தது.

அவற்றுள் ஒன்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்னும் இளம் குழந்தை மருத்துவரும் அவருடைய துணைவர்களும், கண்ணில் நோயின் அறிகுறி தோன்றிய குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச். என்னும் உட்சுரப்பு மருந்தைக் கொடுத்தனர். 31 குழந்தைகளில் 25 பேர் பார்வையோடு வீடு திரும்பினர். இதைவிடச் சான்று வேண்டுமோ? எல்லோரும் மகிழ்ந்தனர். எனினும் சில்வர்மனின் மனம் அமைதியுறவில்லை. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்கு மட்டும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பார்வை இழந்தனர். மருந்து பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே இழந்தனர். இறப்பும் மருந்து பெற்றவர்களிடமே மிகுதி. உண்மை யாதெனில், தொடக்க நிலையிலுள்ள இந்நோய் பெரும்பாலான குழந்தைகளிடம் தானே அடங்கிவிடும். அந்த அடக்கத்தை மருந்து தன் வெற்றியென்று எழுதிக்கொண்டிருந்தது. இன்றும் எந்தப் புது மருந்தின் புகழைக் கேட்டாலும் எனக்கு அந்த 31 குழந்தைகளே நினைவிற்கு வருவார்கள்.

உண்மையான காரணத்தின் நிழலைக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பணியாற்றிய கேட் காம்பெல் என்னும் பெண் மருத்துவர். குழந்தையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பிராணவாயு தாராளமாகச் செலுத்தப்பட்ட இடத்தில் நோய் மிகுந்தும், அதற்குப் பெற்றோர் பணம் கட்ட நேர்ந்தமையால் சிக்கனமாகச் செலுத்தப்பட்ட இடங்களில் குறைந்தும் இருப்பதை அவர் 1951-இல் எடுத்துக் காட்டினார். பிராணவாயு! நம் மொழியில் அதன் பெயரிலேயே பிராணன் இருக்கிறது, தனித்தமிழிலோ உயிர்வளி. மூச்சுத் திணறும் சிசுவுக்கு உயிர்வளியைக் குறை என்றால் எந்தத் தாதி கேட்பாள்?

உண்மையிலேயே கேட்கவில்லை. வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்னும் கண் மருத்துவர், ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு 65 முதல் 70 விழுக்காடு பிராணவாயுவும், மற்றப் பிரிவினர்க்குத் தேவை நேர்ந்தபோது மட்டும் 40 விழுக்காட்டிற்குக் குறைவாகவும் கொடுத்து ஆராய முற்பட்டபோது, இரவுப் பணியிலிருந்த தாதியர் சிலர் குறைவாகப் பெறும் குழந்தைகளுக்கு யாரும் அறியாமல் குழாயைத் திறந்து விட்டனராம். அவர்களைக் குறைகூற என் நா எழவில்லை. அந்த இடத்தில் நம் வீட்டுப் பாட்டிமார் இருந்தாலும் அதையே செய்திருப்பர்.

பின்னர் 1953-இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் ஒன்றுகூடி நடத்திய பேராராய்ச்சியின் முடிவு 1954-இல் வெளியாயிற்று. பிராணவாயுவைக் கட்டுப்படுத்திய குழந்தைகளிடம் கண்ணைக் கெடுக்கும் முதிர்ந்த நோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எங்கும் குழாய்கள் மூடப்பட்டன. நோயும் மறைந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவ்வாராய்ச்சியில் பிறந்து 48 மணி நேரம் பிழைத்திருந்த குழந்தைகளையே சேர்த்திருந்தனர். பிராணவாயு குறைந்தால் முதல் இரண்டு நாளில் நேரக்கூடிய இறப்புகள் அக்கணக்கில் இடம்பெறவே இல்லை. 1973-இல் கென்னத் கிராஸ் என்னும் ஆங்கில அறிஞர் அந்தக் கணக்கைப் போட்டார். பார்வை காக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழப் 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கக் கூடும் என்பது அவர் மதிப்பீடு. ஒரு கையால் ஒளியைக் கொடுத்து மறு கையால் உயிரைப் பறித்த கதை இது. செய்தவர் அனைவரும் நல்லவரே.

இது நிகழும் விதத்தைச் சுருங்கச் சொல்வேன். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நான்காம் மாதமளவில் நடுவிலிருந்து வளரத் தொடங்கிப் பத்தாம் மாதத்தில்தான் ஓரத்தை எட்டுகின்றன. ஏழாம் மாதத்தில் பிறந்த சிசுவின் விழித்திரை, வாய்க்கால் பாதி வெட்டிய வயலுக்கு ஒப்பானது. பிராணவாயு மிகுதியாகக் கிடைத்தால் 'தண்ணீர் போதும்' என்று வாய்க்கால் வெட்டுவது நின்றுவிடும். சில வாரங்களில் விழித்திரை வளர, கடைமடை வறண்டு கூக்குரலிடும். அப்போது தறிகெட்டுப் புதுக் குழாய்கள் முளைத்து, தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பெயர்த்துவிடும். பெயருமுன் ஓரப் பகுதியை லேசர் ஒளியால் சுட்டு அடக்கினால் நடுப் பார்வை பிழைக்கும். கண்ணுள் ஊசி வழி மருந்து செலுத்தும் முறையும் இப்போது உண்டு. சிகிச்சை வேண்டுமென்று கண்டபின் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும்.

இன்று தோலின்மேல் ஒரு சிறு பட்டையைச் சுற்றி இரத்தத்தின் பிராணவாயு அளவை நொடிதோறும் அறிகிறோம். அப்படியும் சரியான அளவு எது என்பது எளிதில் புலப்படவில்லை. 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 24 முதல் 27 வாரத்திற்குள் பிறந்தோரில் ஒரு பிரிவினர்க்கு 85 முதல் 89 என்றும், மற்றவர்க்கு 91 முதல் 95 என்றும் இலக்கு வைத்தனர். குறைந்த இலக்கில் கடுமையான கண்ணோய் நூற்றுக்கு 8.6, உயர்ந்த இலக்கில் 17.9. இறப்போ குறைந்த இலக்கில் 19.9, உயர்ந்த இலக்கில் 16.2. அதனால் பல இடங்களில் 90-ஐ ஒட்டிய கீழெல்லையும் 95-ஐ ஒட்டிய மேலெல்லையும் கைக்கொள்ளப்படுகின்றன. உயிரைக் காத்துக் கண்ணைக் கண்காணிப்பது என்பதே அதன் பொருள். ஆகவே கண்காணிப்புத் தவறினால் அந்தப் பேரமே பொய்த்துவிடும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சிறு நகரங்களிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகிவிட்டன, குழந்தைகள் பிழைக்கின்றனர். ஆனால் பிராணவாயுவைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் கருவி எல்லா இடங்களிலும் இல்லை. அதனால் மேனாடுகளில் இந்நோய் தீண்டாத அளவு கனமான குழந்தைகளும் இங்கே கண்ணிழக்கின்றனர். அமெரிக்காவில் 1500 கிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் கண்ணைச் சோதிப்பர். இங்கு 2000 கிராமுக்குக் குறைந்தாலும், 34 வாரத்திற்கு முன் பிறந்தாலும் சோதிக்க வேண்டும் என்பது விதி. முதற் சோதனை பிறந்த 30 நாளுக்குள். மிகச் சிறிய சிசுக்களுக்கு இன்னும் முன்பே. கர்நாடகத்தில் 2008 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கருவியோடு சிற்றூர் மருத்துவமனைகளுக்குச் சென்று விழித்திரையைப் படமெடுக்க, மருத்துவர் தொலைவிலிருந்தே பார்த்து முடிவு சொல்லும் ஏற்பாடு நடந்து வந்திருக்கிறது.

1996-இல் சென்னையில் 29-ஆம் வாரத்தில், 1250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோர்க்கு எவரும் சொல்லவில்லை. பார்வை போயிற்று. தந்தை வழக்காடினார். 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தது. அப்போது அப்பெண்ணுக்கு வயது பதினெட்டு.

நம்மவர்க்குத் தனி ஆபத்து என்றேனே, அது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்து நம்மவர் குடும்பம் ஒன்றில் ஏழாம் மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. இருபத்து நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பினர். இருபத்தாறாம் நாள், தாயையும் சேயையும் பாட்டி திருநெல்வேலிக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். பிரசவித்தவளைத் தாய்வீடு சேர்ப்பது நம் வழக்கமன்றோ? கண் சோதனையைச் சொந்த ஊரில் செய்துகொள்வர் என்று இங்குள்ளோர் கருதினர். இங்கேயே செய்தாயிற்று என்று அங்குள்ளோர் கருதினர். முப்பதாம் நாள் இரண்டு ஊர்களுக்கு இடையே எங்கோ விழுந்து தொலைந்தது. மூன்றாம் மாதம், குத்துவிளக்கைக் காட்டியும் குழந்தை திரும்பாதது கண்டு என்னிடம் கொண்டுவந்தனர். இரு கண்களிலும் விழித்திரை முழுதும் பெயர்ந்திருந்தது. "எடை நன்றாக ஏறிற்றே, டாக்டர்!" என்று அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எடை உண்மையாகவே நன்றாக ஏறியிருந்தது.

ஆகையால், அன்பர்களே, குறைமாதக் குழந்தையோடு ஊருக்குப் புறப்படுவோர் டிக்கெட் வாங்குமுன் மருத்துவமனைச் சீட்டில் கண் சோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருமுறை பார்த்தது போதாது. விழித்திரை முற்றும் வளர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை அவர் குறித்த நாள்தோறும் காட்ட வேண்டும்.

நாடகத்திற்கு முதல் மணி அடித்துவிட்டது. ராஜபார்ட் வேடம் தரித்து நிற்பவரை இதற்குமேல் காக்கவைத்தல் முறையன்று. ஐயமுடையோர் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். நாடகம் முடியும்வரை வாயிலருகே அமர்ந்திருப்பேன்.