கண்ணுக்குள்ளே ஓடும் இரத்தம்

(எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டொக்டர் இல்லை. உயர்தரத்தோடு படிப்பை விட்டு, பக்டரியிலே வேலை செய்கிறவன். கண்ணைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என்ரை அம்மாவுக்கு ஒரு கண்ணில் முக்கால்வாசிப் பார்வை போன பிறகுதான் எங்கள் வீட்டில் விசயமே தெரிய வந்தது. அதுதான் என் தகுதி.

ஒருநாள் அம்மா தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினா. "வயசு போகுதெல்லோ தம்பி" என்று சிரித்தா. நானும் ஓவர்ரைம் ஓட்டத்தில் அதை விட்டுவிட்டேன். கதவு நிலையில் தோள் இடிபடத் தொடங்கிய பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன். குளோக்கோமா என்றார்கள்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறக்குறைய பத்து இலட்சம் நார்கள் இருக்கின்றன. இந்த நோயில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. பெரும்பாலும் நோவில்லை, கண் சிவப்பதும் இல்லை. முதலில் ஓரப்பார்வைதான் போகும். ஒரு கண் விட்டதை மற்றக் கண் ஈடுசெய்துவிடும். செத்த நரம்பு திரும்ப வராது. மருந்தும் லேசரும் சத்திரசிகிச்சையும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடுவது இதற்கு முக்கிய காரணம். ஆனால் அழுத்தம் சாதாரணமாக இருப்பவர்களுக்கும் இது வருகிறது. அப்படியென்றால் நரம்புக்குப் போகும் இரத்தம் போதாமல் இருக்குமோ? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கிறார்கள்.

1961இல் அமெரிக்காவின் இந்தியானாவில் நொவொட்னி, அல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் ஒரு வழி காட்டினார்கள். கையில் ஊசியால் சாயம் ஏற்றி, அது கண்ணுக்கு வரும்போது படம் எடுப்பது. நல்ல முறைதான், ஆனால் சிலருக்கு ஓங்காளம் வரும். ஆழத்தில் உள்ள மயிர்த்துளைக் குழாய்களும் அதில் தெளிவாகத் தெரியாது.

1991இல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ ஆகியோர் மசாசூசெற்சில் ஓ.சி.ரி. என்ற முறையை வெளியிட்டார்கள். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்கு ஒளியின் தலையீடு ஞாபகம் இருக்கும். அதே தத்துவம்தான். கண்ணுக்குள் அனுப்பிய ஒளி எவ்வளவு ஆழத்திலிருந்து திரும்புகிறது என்று அளந்து, விழித்திரையைப் படை படையாகக் காட்டுகிறது.

2012இல் ஒறெகனில் யாலி ஜியாவும் ஹுவாங்கும் குழுவினரும் அதில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு நல்ல வழி கண்டார்கள். யன்னலில் நின்று ஒரே தெருவை இரண்டு தரம் போட்டோ எடுத்துப் பாருங்கள். வீடுகள் அப்படியே நிற்கும், கார்கள் இடம் மாறியிருக்கும். மாறியதை மட்டும் எடுத்தால் தெரு எங்கே என்று தெரிந்துவிடும். விழித்திரையில் ஓடுவது இரத்தம் ஒன்றுதான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, மாறியதைக் கொம்பியூட்டர் பிரித்தெடுக்கிறது. ஊசியும் இல்லை, சாயமும் இல்லை. எங்கட பே ஏரியாவிலேயே டப்ளினில் உள்ள சைஸ் கம்பனியின் கருவிக்கு 2015இலும், பிறீமொன்றில் இயங்கிய ஒப்ரோவியூவின் கருவிக்கு 2016இலும் அரச அனுமதி கிடைத்தது.

இந்தப் படங்களில் என்ன தெரிந்தது? நரம்பு நார்கள் மெலிந்த இடத்தில் மயிர்த்துளைக் குழாய்களும் அருகிப் போயிருக்கின்றன. இரத்தம் குறைந்து நரம்பு செத்ததா, நரம்பு செத்ததால் இரத்தம் குறைந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் நோய் முற்றி, நரம்புப் படையின் தடிப்பை அளந்து பிரயோசனமில்லாத கட்டத்திலும் இந்தப் படம் மாற்றத்தைக் காட்டக்கூடும். அதற்காக மற்றச் சோதனைகள் வேண்டாம் என்றில்லை. அழுத்தத்தைக் குறைப்பதுதான் இன்றைக்கும் நிரூபிக்கப்பட்ட வைத்தியம்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியினர் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5150 பேரைச் சோதித்தார்கள். குளோக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது தங்களுக்கு இருப்பதை முன்பு அறியாதவர்கள். அமெரிக்காவிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தெரியாதாம். மெசினுக்கு இங்கே குறைவில்லை. அதன் முன்னால் போய் நாடியை வைக்க வேண்டியது நாங்கள்.

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான். தாய் தகப்பனுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. கண்மணியை விரித்துச் செய்யும் பரிசோதனைக்குப் போங்கோ. மெடிகெயார் உள்ள பெரியவர்களில், நீரிழிவோ குடும்பத்தில் குளோக்கோமாவோ இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருதரம் இந்தச் சோதனை அதில் அடங்கும். சொட்டு மருந்து தந்தால், "ஒரு வித்தியாசமும் தெரியேல்லை" என்று விட்டுவிடாதேங்கோ. வித்தியாசம் தெரியாமல் இருப்பதே அந்த மருந்தின் வெற்றி.

நானும் தங்கச்சியும் சோதித்துவிட்டோம். எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்குச் சந்தேகம் என்று கவனித்து வருகிறார்கள். அம்மாவின் கண் போனது எங்களுக்கு அந்த அளவிலாவது உதவியது.

வருசத்தன்று அம்மா அப்பாவிடம் கைவிசேஷம் வாங்கும்போது, அவர்களுக்கு எடுத்துவைத்த கண் டொக்டரின் திகதியையும் சொல்லுங்கோ. ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.