நாற்காலியில் தொங்கும் ஸ்வெட்டர்



வெளியே கொட்டும் பனியை நம் புலம்பெயர் கதைகள் நிறையவே எழுதிவிட்டன. ஜூலை வெயிலில், அலுவலகத்துக்குள் ஒரு பெண் குளிரில் நடுங்குவதை எழுதினோமா?

என் அலுவலகத்தில் பெண்களின் நாற்காலிகளில் கோடையிலும் ஸ்வெட்டர் தொங்கும். பத்து வருடமாக அதை வெறும் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். பிறகு, 2015இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரையைப் படித்தேன். அலுவலகங்களின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் கணக்கு 1960களில் உருவானது. அதில் உடல் வெப்பத்துக்கு அளவுகோல் 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண். பெண்ணுடல் உண்டாக்கும் வெப்பத்தை அந்தக் கணக்கு 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்கிறது கட்டுரை.

மறுநாள் பக்கத்து இருக்கைத் தோழியிடம் கேட்டேன். "சொன்னா, இவளுக்கு எப்பவுமே ஏதாவது குறைதான்னு பேசுவாங்க அண்ணா" என்றார். ஏசியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் என் தலைக்கு மேலேதான் இருந்தது. பத்து வருடம் நான் அவரிடம் கேட்கவே இல்லை.

நான் எழுதாமல் விட்ட கதை அதுதான்.