வளவுக்கு வரும் விருந்தினர்

நகரம் என்பது மனிதன் தன் தேவைக்கென அமைத்துக்கொண்ட இருப்பிடம். வீதியும் மதிலும் மாடிவீடும் அவனுக்காகவே எழுந்தவை. ஆயினும் அந்நகரத்தில் அவன் தனித்து வாழவில்லை. கொழும்பு மாநகரிலே, வெள்ளவத்தையிலோ நுகேகொடையிலோ, ஒரு மாமரமும் நாலைந்து செடிகளும் உள்ள சிறு வளவொன்றின் பின்புறத்தில், விடியற்காலையில் அரைமணி நேரம் ஓசையின்றி அமர்ந்திருப்பவர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்.

முதலில் வருவது காகம். அடுக்களைக் கதவு திறக்கும் ஓசையே அதற்குச் சாப்பாட்டு மணி. அதன் பின்னர் மதிலோரமாக அணில் ஓடிவரும். முதுகில் மூன்று வெண்கோடுகளைத் தாங்கிய அச்சிற்றுயிர், வாலை உதறி உதறி இடைவிடாது கீச்சிடுமாயின், அருகே பூனையோ பாம்போ உண்டென்று அறியலாம். ஏழெட்டாய்க் கூடித் திரியும் தவிட்டுக் குருவிகள், உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் பூச்சி தேடும். பட்ட கிளையிற் பொந்து குடையும் குக்குறுவான், தான் கண்ணிற் படாமலே இருந்துகொண்டு, தன் பெயரையே நாள்முழுதும் கூறிக்கொண்டிருக்கும். தையற்சிட்டு அகன்ற இலையொன்றின் விளிம்புகளைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் இணைத்துத் தைத்து, அதனுள்ளே கூடு அமைக்கும். அதற்கு ஊசியுமில்லை, நூற்கட்டையுமில்லை, அலகொன்றே கருவி.

வெயில் ஏறியதும், வாய்க்காலை அடுத்த வளவுகளிற் கபரகொய்யா மெல்ல ஊர்ந்து வந்து குளிர்காயும். பொழுது சாய்ந்தபின் வருவது வேறொரு கூட்டம். விகாரமகாதேவிப் பூங்காவின் பெருமரங்களிற் பகல்முழுதும் தலைகீழாய்த் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள், பழமரங்களை நாடி நகரெங்கும் பரவும். மரநாய் கூரை ஓட்டின்மேல் நடந்து வீட்டாரின் உறக்கத்தைக் கலைக்கும்.

இத்தனை உயிர்கள் ஒரு தலைநகரில் எங்ஙனம் எஞ்சின? அதற்கு விடை நிலத்திலேயே உளது. கொழும்பும் அதன் அயலும் சதுப்புநிலங்களின் நடுவே எழுந்தவை. தியவன்னா ஓயாவும் தலங்கம வாவியும் கொலன்னாவைச் சதுப்பும் இன்னும் உயிரோடிருப்பதனாலேயே அவற்றைச் சூழ்ந்த வளவுகளுக்கு விருந்தினர் வருகின்றனர். 2018ஆம் ஆண்டில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்னுஞ் சிறப்பு முதன்முறையாக 18 நகரங்களுக்கு வழங்கப்பட்டபோது, கொழும்பும் அவற்றுள் ஒன்றாயிற்று. விரல்களுக்கிடையே சவ்வுடைய மீன்பிடிப் பூனை இச்சதுப்புகளில் வாழ்கிறது. ஆராய்ச்சியாளர் அதன் கழுத்திற் பட்டை பொருத்தி நடமாட்டத்தை ஆராய்ந்தபோது, அது வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்து, தொட்டியில் வளரும் அலங்கார மீன்களை உண்டு செல்வது தெரியவந்தது. மீன் குறைந்தமை கண்ட வீட்டுக்காரர், அயல்வீட்டுப் பூனையின்மேற் பழிபோட்டிருத்தலுங் கூடும்.

இத்தகைய விருந்தினரைக் கண்டவுடன், இவற்றுக்கு ஏதேனும் உண்ணக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் எழுதல் இயல்பே. தமிழர் இல்லங்களிலே அது பழைய வழக்கமுமாகும். விரத நாட்களிற் சமைத்த சோற்றில் முதற்பிடியைக் காகத்துக்கு வைத்த பின்னரே வீட்டார் உண்பர். மறைந்த முன்னோரை நினைந்து இடுவது அது. தைப்பொங்கலன்று முற்றத்தில் அரிசிமாவால் இடும் கோலம், கண்ணுக்கு அழகாவதோடு எறும்புக்கும் உணவாகும். இவ்வழக்கத்தை உற்றுநோக்கின், அதில் இரண்டு பண்புகள் அடங்கியிருத்தலைக் காணலாம். ஒன்று அளவு: வைப்பது ஒரு பிடியே. மற்றொன்று தூரம்: வைத்தவர் விலகிச் செல்வார், காகம் தானாக வந்து தானாக உண்டு பறந்து போகும். அது காகத்தைப் பழக்கி வைத்துக்கொள்ளும் முயற்சியன்று.

இக்காலத்து நகரவாசியின் அன்பிலே இவ்விரண்டும் குறைந்து வருகின்றன. அளவு மிகுந்து, தூரம் குறைகிறது. மிஞ்சிய பாணும் கறியும் சோறும் நாள்தோறும் வளவிற் கொட்டப்படுகின்றன. அணில் கையிலிருந்து வாங்கி உண்ணவேண்டும், குரங்கு தோளில் வந்தமர வேண்டும், அதனைப் படம்பிடித்து நண்பருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை பெருகுகிறது. இந்த அன்பால் உண்மையில் நன்மை அடைவது யார், விலங்கா, மனிதனா?

இதனால் விளையும் தீங்குகளுள் முதலாவது, பொருந்தா உணவு. பாண் வயிற்றை நிரப்புமேயன்றிப் பறவைக்கு வேண்டிய ஊட்டத்தைத் தராது. உப்பும் காரமும் சேர்ந்த மிச்சக்கறி சிற்றுயிர்களின் உடலுக்கு ஏற்றதன்று. கொழும்பின் அயலிலுள்ள வளவுகளில் வாழும் ஊதாமுக மந்தி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. அதன் இரைப்பை பல அறைகளாக அமைந்தது; இலையையும் காயையும் மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அங்கே வாழ்கின்றன. அத்தகைய வயிற்றுக்கு இனிப்புப் பண்டமும் வெந்த சோறும் இடுவது, அந்நுண்ணுயிர்களின் ஒழுங்கைக் குலைத்து நோயை வருவிப்பதாகும். சிட்டுக்குருவியின் நிலையும் கருதத்தக்கது. வளர்ந்த குருவி தானியம் தின்னும். ஆனால் அதன் குஞ்சு வளர்வது புழுவாலும் பூச்சியாலுமே. முற்றத்தில் அரிசியைக் குவித்துவிட்டு, செடிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து தெளிக்கும் வீட்டில் தாய்க்குருவி இருக்கலாம்; குஞ்சு பிழைப்பது அரிது.

இரண்டாவது தீங்கு, கூட்டம். இயற்கையிற் சிதறி இரைதேடும் உயிர்கள், ஒரே தட்டை நாடித் திரளும்போது, நோயும் அவற்றோடு திரள்கிறது. பிரித்தானியாவிலே தோட்டந்தோறும் பறவைகளுக்குத் தானியம் வைக்கும் வழக்கம் பெரிது. அங்கே 2005ஆம் ஆண்டு முதல், தொண்டையைப் பற்றி உணவை விழுங்கவொட்டாது தடுக்கும் ஒரு நோய், ‘கிறீன்பிஞ்ச்’ எனப்படும் பச்சை நிறக் குருவிகளிடையே பரவிற்று. அழுக்கடைந்த உணவுத்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் அது பரவுதற்கு வழியாயின. எங்குங் காணப்பட்ட அந்த இனம், 2021ஆம் ஆண்டில் அந்நாட்டின் அபாயப் பட்டியலிற் சேர்க்கப்படும் அளவுக்குக் குறைந்தது. கொழும்பிலோ, கொட்டும் எச்சிற் சோற்றால் முதலிற் பெருகுவது காகம். பெருகிய காகம் சோற்றோடு நின்றுவிடுவதில்லை. பிற பறவைகளின் கூடுகளைத் தேடி முட்டையையும் குஞ்சையும் கவர்ந்து செல்லும். காகத்துக்கு அளவின்றி இட்ட சோறு, அருகிலுள்ள செடியில் தையற்சிட்டின் குஞ்சுக்கு யமனாய் முடிதலும் உண்டு.

மூன்றாவது தீங்கு எல்லாவற்றினும் கொடியது. அஃது அச்சம் அகலுதல். காட்டுயிருக்கு அச்சமே கவசம். மனிதனைக் கண்டு விலகும் வரையிலேயே அது நெடுநாள் வாழும். தலையிலே தொப்பி கவிழ்த்தாற்போன்ற மயிரையுடைய செங்குரங்கு, ஒரு வீட்டில் வாழைப்பழம் வாங்கிப் பழகிய பின், அடுத்த வீட்டில் அனுமதி கேட்பதில்லை. சன்னல்வழியே கை நீட்டும், ஓட்டைப் பெயர்க்கும், குழந்தையின் கையிலுள்ளதைப் பறிக்கும், தடுத்தாற் கடிக்கும். ஊட்டியவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர். இழந்தவர் வெடி கொளுத்துவார், பொறி வைப்பார், சிலவேளை நஞ்சும் வைப்பார். அப்போது உயிரை இழப்பது, மனிதனை நம்பக் கற்றுக்கொண்ட அந்த விலங்கேயாம். நகருக்கு வெளியேயும் இதே பாடத்தைக் காணலாம். புத்தளை–கதிர்காமம் வீதியிற் பிரயாணிகள் பழமும் பாணும் கொடுத்துப் பழக்கிய யானைகள், இன்று வண்டிகளை மறித்து உணவு கேட்கின்றன. கொடுத்தவர்கள் சென்றுவிட்டனர், யானைக்கும் வழிப்போக்கருக்கும் பகை மிஞ்சிற்று.

அவ்வாறாயின், வளவுக்கு வரும் உயிர்களைப் பசியோடு திருப்பியனுப்புவதா? அன்று. தட்டால் ஊட்டுவதை விடுத்து, வளவாலேயே ஊட்டுவது சிறந்த வழி. மரம் ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் பந்தி வைக்கும். அஃது இன்ன உயிர் உண்ணலாம், இன்னது உண்ணலாகாது என்று வகுப்பதில்லை. உண்ண வந்ததைப் பழக்கி அடிமை கொள்வதுமில்லை. கறிவேப்பிலை மரத்தின் கரும்பழத்தைக் குயிலும் கொண்டைக் குருவியும் விரும்பி உண்ணும். அதன் இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். செவ்வரத்தைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். ஜாம்பழ மரமோ விரைந்து வளர்ந்து, பகலிற் பறவைக்கும் இரவில் வௌவாலுக்கும் பழமளிக்கும். பட்ட கிளையொன்று வீட்டுக்கும் வழிப்போக்கருக்கும் ஆபத்தாய் இல்லையெனின் அதனை வெட்டாது விடுதலும் ஓர் உபகாரமே. குக்குறுவான் குடைந்து கைவிட்ட பொந்திலே வேறு பறவைகள் குடிபுகும்.

பலாமரத்தைப் பற்றித் தனியே கூறல்வேண்டும். ஊதாமுக மந்தி நிலத்தில் இறங்கி நடப்பதை விரும்பாது. மரத்திலிருந்து மரத்துக்குத் தாவியே இடம்பெயரும். அவ்வினத்துள் கொழும்பு, கம்பகா, களுத்துறைப் பகுதிகளில் வாழும் மேற்குப் பிரிவு, உலகில் மிகக் கடுமையான அழிவபாயத்தில் உள்ள குரங்கினங்களுள் ஒன்றெனக் கணிக்கப்பட்டுள்ளது. வளவுகளில் நிற்கும் பலாவும் மாவும் அதற்கு உணவுச்சாலை மட்டுமன்று, வீதியுமாகும். ஒரு வளவிலுள்ள பலாவை வெட்டினால், அதனூடாகச் சென்ற வழி அறுந்துபோகிறது. வழி அறுந்த மந்தி மின்கம்பியைப் பற்றித் தாவ முயன்று மாள்கிறது. ஆகவே, மந்திக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் நீட்டுபவரைக் காட்டிலும், தம் பலாமரத்தை வெட்டாது காத்தவரே அதற்குப் பெரிய கொடையாளர்.

அடுத்தது தண்ணீர். வெயில் கொளுத்தும் மாதங்களில், அகன்ற மண்சட்டியொன்றில் இரண்டங்குல ஆழத்துக்கு நீர் நிரப்பி, பறவை நிற்க ஒரு கல்லும் வைத்து, நிழலில் இடலாம். ஆனால் இந்நாட்டிற் டெங்குக் காய்ச்சலை மறந்து நீர் வைத்தல் ஆகாது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோயுற்றனர். அதைப் பரப்பும் நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; நீரைக் கொட்டுவதால் மாத்திரம் நீங்காது. ஆதலின் நாள்தோறும் சட்டியைத் தேய்த்துக் கழுவிய பின்னரே புதுநீர் வார்த்தல் வேண்டும். அது பறவைகளையும் நோயினின்று காக்கும்.

சிட்டுக்குருவிக்கு இந்நாட்டவர் கண்ட உபாயம் மிக எளியது. சிறு மண்முட்டியிலே துளையிட்டு வீட்டிறப்பிற் கட்டித் தொங்கவிடுவர். குருவி கூடுகட்டும் வீட்டில் நலம் பெருகும் என்பது பெரியோர் நம்பிக்கை. அடைக்கலக் குருவி என்ற பெயரே, அது மனிதனிடம் வேண்டுவது யாதென்று கூறிவிடுகிறது. அது கேட்பது அடைக்கலம். இறப்பில்லாத சீமெந்து வீடுகள் மலிந்த இக்காலத்தில், ஒரு முட்டியும் மருந்து தெளிக்காத நாலு செடிகளும் அதற்குப் போதிய உதவியாகும்.

பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. அசையாது ஓரிடத்தில் அமர்தல், கூட்டை நெருங்காமை, கல்லெறிந்து எழுப்பாமை என்பன அதன் விதிகள். பறக்கப் பழகும் குஞ்சு நிலத்தில் தத்தித் திரிவதைக் கண்டவுடன் அநாதையென எண்ணிக் கூண்டில் அடைத்தல் தகாது. பெரும்பாலும் தாய்ப்பறவை அருகிலிருந்தே இரை கொடுத்துவரும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட உயிர்களைப் பிடித்து அடைப்பதைத் தடைசெய்கிறது. கீரியோ குரங்கோ மரநாயோ கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நோய் நாயால் மாத்திரம் வருவதன்று.

வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, எந்நாளில் எப்பறவை வந்தது, எதை உண்டது, எங்கே கூடுகட்டியது என்று எழுதிவரச் செய்தல் நற்பழக்கமாகும். கொழும்பு நூதனசாலையிற் பல்லாண்டு பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி, 1955ஆம் ஆண்டில் இலங்கைப் பறவைகளைப் பற்றித் தாமே படமெழுதி வெளியிட்ட நூல், இத்தகைய பொறுமையான பார்வையின் பயனே. ஓராண்டு எழுதிய கொப்பி, வளவின் உண்மையான வரலாறாகிவிடும். மதிலுக்கப்பால் ஒரு மரம் வீழ்ந்தபின் எந்தப் பறவை வராதொழிந்தது என்பதை அது காட்டும்.

உறுதிப்பத்திரத்தில் வளவு ஒருவர் பெயரில் இருக்கலாம். எனினும் அதன் கிளையும் வேரும் நீரும் நிழலும் பலருக்கு உரியன. விருந்தோம்பலின் சிறப்பு, வந்தவரைக் கட்டிவைத்துக்கொள்வதன்று. வந்தவர் அச்சமின்றி உண்டு, தம் வழியே நலமாகச் செல்லவும், மறுநாள் விரும்பின் மீண்டும் வரவும் இடமளிப்பதே. அளவறிந்து கொடுத்து, தூரத்தே நின்று பார்த்து மகிழும் வீட்டின் வளவிலே, நாளைய பிள்ளைகளும் தையற்சிட்டின் கூட்டைக் காண்பர்.